சாப்பாட்டு வண்டியும் கேட்கீப்பரும்

என் வீட்டுக்காரர் யாரையும் கொல்லவில்லை. இதை அவரிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். காதோரம் குனிந்து சொன்னேன், கத்திச் சொன்னேன், அழுதுகொண்டு சொன்னேன், திட்டியும் பார்த்தேன். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஒரு உயிர் போயிடுச்சு. எப்படிச் சாப்பிடறது?" என்கிறார். போகாத உயிருக்காகச் சோற்றைத் தொடாமல் கிடக்கிறார். இப்படியே இருந்தால் இவர் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நல்லவேளை, அதைச் சுற்றி வளைத்துச் சொல்லவில்லை. சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

இந்த முதியோர் இல்லத்தில் அவருக்கு 'முரட்டு கேஸ்' என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். ஆனால் எனக்குக் காது நன்றாகவே கேட்கும். அவர் எப்படிப்பட்ட முரடர் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அவர் ரயில்வே கேட்கீப்பர். சாலையும் தண்டவாளமும் குறுக்கே வெட்டிக்கொள்கிற இடத்தில் ஒரு சின்ன அறை, அதற்குள் ஒரு போன், வெளியே கேட்டை ஏற்றி இறக்கும் கைச்சக்கரம். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை அதுதான் அவர் உலகம். அவரைத் திட்டாத ஆள் அந்தச் சாலையில் கிடையாது. ஆபீஸுக்குப் போகிறவன், ஆஸ்பத்திரிக்குப் போகிறவன், வெட்டியாகச் சுற்றப் போகிறவன், எல்லாருக்கும் அவசரம். கேட் இறங்கியதும் முதலில் ஹாரன் அடிப்பார்கள், அப்புறம் வாயைத் திறப்பார்கள். பெற்றவர்கள் வரைக்கும் இழுத்துவிட்டுத்தான் ஓய்வார்கள். இவர் சிரித்த முகத்தோடு நிற்பார். "கொஞ்சம் நில்லுங்க. நின்னா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது" என்பார். ஆளுக்கு ஆள் பதிலை மாற்றுகிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது.

எனக்கும் அதே பதில்தான் கிடைத்தது. அப்போது நான் ஒரு அச்சகத்துக்குச் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். "என்னை மட்டும் விடுங்க, நேரமாச்சு, முதலாளி கத்துவார்" என்று கெஞ்சினேன். மிரட்டினேன். ஒருநாள் வண்டி போன கையோடு, இன்னும் எதற்கு நிற்கிறோம் என்று ஆத்திரம் வந்து, கேட்டுக்கு அடியில் குனிந்து சைக்கிளை உள்ளே தள்ளினேன். அவர் கத்திக்கொண்டே ஓடிவந்து என் தோளைப் பிடித்து இழுத்த இழுப்பில் சைக்கிளோடு விழுந்தேன். முழங்கால் பிய்ந்து ரத்தம் வந்தது. "பொம்பளை மேல கை வைக்கிறியா?" என்று ஆரம்பித்து நான் வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டிக்கொண்டிருக்கும்போதே, எதிர்ப்பக்க வளைவிலிருந்து இன்னொரு வண்டி வந்து எங்கள் முன்னால் கடந்து போனது. என் திட்டு பாதியில் நின்றுவிட்டது. இப்படிப்பட்ட ஆளைக் கல்யாணம் செய்துகொள்ளாமல் வேறு என்ன செய்வது?

அந்த இடத்தில் இரட்டைத் தண்டவாளம், அதுவும் வளைவு. போகிற வண்டி கண்ணுக்குத் தெரியும், எதிரே வருகிற வண்டி தெரியாது. அதனால் வண்டி போய்விட்டதே என்று தானாகக் கேட்டைத் திறந்துவிடக்கூடாது. ஸ்டேஷனிலிருந்து போன் வரவேண்டும். 'லைன் கிளியர், கேட்டைத் திறக்கலாம்' என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொன்ன பிறகுதான் கை சக்கரத்துக்குப் போகும். வீட்டில் உத்தரவு போடுகிறவள் நான் என்பதால் என்னையும் 'மாஸ்டர்' என்றே கூப்பிட ஆரம்பித்தார். சமையலறை வாசலில் நின்று, "மாஸ்டர், டீக்கு லைன் கிளியரா?" என்பார். பாலைப் பொங்கவிட்டு நான் எரிச்சலில் இருக்கிற சமயமாகப் பார்த்துத்தான் கேட்பார்.

அடுத்த கேட்டில் இருந்தவர் ஒருமுறை போன் வருவதற்கு முன்னால் திறந்துவிட்டார். ஒரு வேன் உள்ளே போனது. அதில் இருந்தவர்கள் யாரும் மிஞ்சவில்லை. இவர் அந்த மனிதரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "செவுத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கான் மாஸ்டர். நான் வந்ததே அவனுக்குத் தெரியல. போனவங்களுக்கு அழறதா, இவனுக்கு அழறதான்னு எனக்குத் தெரியல" என்றார். இவருடைய கேட்டில் ஒரு பூனைகூட அடிபட்டதில்லை. ஓய்வு பெற்ற அன்று யார் யாரோ பேசினார்கள், கை தட்டினார்கள். எதுவும் இவர் மண்டையில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஒரு உயிர்கூடப் போகல மாஸ்டர்" என்றார். அதற்கப்புறம் தூங்கினார் பாருங்கள், அப்படி ஒரு தூக்கம்.

மறதி வந்தபோது முதலில் நாங்கள் சிரித்தோம். குளித்துவிட்டு வந்து மறுபடியும் குளிக்கப் போவார். கண்ணாடியை மாட்டிக்கொண்டே கண்ணாடியைத் தேடுவார். சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. தெருவில் இறங்கி நடுரோட்டில் கையை நீட்டிக் கார்களை நிறுத்தினார். ஒருநாள் காலையில் நான் கடைக்குப் போக வாசலைத் தாண்டினேன். என் கையைப் பிடித்து முறுக்கினார். எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. வெளியூரில் இருக்கும் மகள் ஓடிவந்தாள். "அம்மா, நீயும் சேர்ந்து படுத்துட்டா யாரும்மா பார்ப்பா?" என்று அழுதாள். மாவுக்கட்டுப் போட்ட கையை வைத்துக்கொண்டு அவளோடு நான் என்ன சண்டை போடுவது? இல்லத்தில் கொண்டுபோய் விட்டோம்.

தினமும் காலையில் பஸ் பிடித்துப் போய்விடுவேன். இருட்டுவதற்குள் திரும்புவேன். இல்லம் சுத்தமாகத்தான் இருக்கும். பினாயில் நெடி மட்டும் வீட்டுக்கு வந்து சேலையை மாற்றும்வரை போகாது. பகல் முழுக்க எல்லாரையும் ஒரு கூடத்தில் உட்கார வைத்திருப்பார்கள். டிவி தன்பாட்டுக்கு ஓடும். அங்கே இரண்டு வகை மனிதர்கள்தான். கத்துகிறவர்கள், கடிக்கிறவர்கள், தட்டை வீசுகிறவர்கள் ஒரு வகை. அவர்களிடம் ஆள் ஓடிவரும். இன்னொரு வகை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள். "நல்ல பேஷன்ட், தொந்தரவே கிடையாது" என்று இவர்களைப் பாராட்டுவார்கள். எனக்கென்னவோ அந்தக் கத்துகிறவர்களைப் பார்த்தால்தான் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

கூடத்துக்கு எதிரே சாப்பாட்டு அறை. நடுவில் ஒரு நீள நடைபாதை. அதன் ஒரு கோடியில் சமையலறை இருக்கிறது. இன்னொரு கோடி வளைந்து திரும்பி, துணி துவைக்கிற அறைக்குப் போகிறது. சாப்பாட்டு நேரத்தில் மணி அடிப்பார்கள். கூடத்தில் இருப்பவர்கள் எழுந்து நடைபாதையைக் குறுக்கே கடந்து சாப்பாட்டு அறைக்குப் போகவேண்டும். அதே நேரத்தில் சமையலறையிலிருந்து சாப்பாட்டு வண்டி கடகடவென்று வரும். நான்கு இரும்புச் சக்கரம், மேலே பாத்திரங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அது எதைப் போலக் கேட்கும் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

மணி அடித்ததும் இவர் துள்ளி எழுந்துபோய்க் கூடத்து வாசலில் நிற்பார். கையைக் குறுக்கே நீட்டிவிடுவார். யாரும் தாண்ட முடியாது. வண்டி போய்விடும். அப்போதும் கை இறங்காது. பசியோடு நிற்கிறவர்கள் கத்துவார்கள். யாராவது கைக்கு அடியில் நுழைந்தால் பிடித்துப் பின்னால் தள்ளுவார். அட்டெண்டர் ஒருத்தியின் கன்னத்தில் அடி விழுந்தது. ஒரு தாத்தாவின் சட்டை கிழிந்தது. பசி தாங்காமல்தான் மூர்க்கம் வருகிறது என்று இல்லத்தில் எல்லாருமாகக் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். இவருக்கு முதலில் போட்டுவிடலாம் என்று வண்டியை நேராக அவர் நிற்கிற வாசலுக்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள். ரயிலைக் கொண்டுவந்து கேட்கீப்பர் மேலே ஏற்றினால் அவர் என்ன செய்வார்? குழம்புப் பாத்திரம் கூரைவரைக்கும் பறந்தது.

தலைமை நர்ஸை அங்கே 'பெரிய சிஸ்டர்' என்பார்கள். என்னை அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்மா. ஆனா இன்னொரு தடவை யாராவது விழுந்துட்டா, வேற இடம்தான் பார்க்கணும். இல்லேன்னா மாத்திரையைக் கூட்டணும்." வேறு இடம் என்றால் பூட்டிய வார்டு. மாத்திரை என்றால் சுவர். பெரிய சிஸ்டர் நல்லவர்தான். அன்றைக்கு எனக்கு அவர் கையைப் பிடித்துக் கடிக்கவேண்டும்போல இருந்தது.

அன்று மத்தியானமும் அதே கூத்துதான். வண்டி போய் வெகுநேரம் ஆகியும் இவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"வண்டிதான் போயிடுச்சே, இன்னும் எதுக்குங்க நிக்கிறீங்க? எல்லாரும் பட்டினி கிடக்கறாங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை, பொறுமைதான் இருந்தது. "ஸ்டேஷன்ல இருந்து இன்னும் சொல்லலைங்க" என்றார்.

இத்தனை நாளும் மனிதர் இங்கே டியூட்டி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். போன் வராததால் திறக்காமல் நின்றிருக்கிறார். நான் மூக்கைச் சிந்திவிட்டு, குரலைக் கனமாக்கிக்கொண்டு, கையைக் காதில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "ஸ்டேஷன்ல இருந்து பேசறேன். லைன் கிளியர். கேட்டைத் திறக்கலாம்."

"லைன் கிளியர்" என்று அவரும் திருப்பிச் சொன்னார். கை இறங்கியது. ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டு எல்லாரையும் கையசைத்து அனுப்பி வைத்தார்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நன்றாக இருந்தோம். நான் இல்லாத நேரத்தில் சொல்வதற்கு அட்டெண்டர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். சாப்பாட்டு வண்டி தள்ளுகிற பெண்ணுக்கு நான் 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்திருந்தேன். நடக்கத் தெரியாது அவளுக்கு, ஓட்டம்தான். அவளும் காதில் கையை வைத்துக்கொண்டு, "சார், ஸ்டேஷன் பேசறேன் சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லப் பழகிவிட்டாள். இவர் நன்றாகச் சாப்பிட்டார். வேலை முடித்து வந்த ஆளுக்கு வருகிற பசி. தட்டை வழித்து வைத்துவிட்டு, "மாஸ்டர், இன்னும் கொஞ்சம் லைன் கிளியரா?" என்று ஒருநாள் கேட்டார். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கேட்டில் அவரோடு தினமும் சண்டை பிடிக்கிறவர் ஒரு டீச்சரம்மா. அவருக்கும் மறதிதான். மணி அடித்ததும் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவார்.

"வழி விடுப்பா, பெல் அடிச்சாச்சு. பசங்க கிளாஸைத் தலைகீழா ஆக்கியிருப்பாங்க."

"கொஞ்சம் நில்லுங்க டீச்சர். நின்னா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது."

"தினமும் இதே பதில். உன்மேல நான் கம்ப்ளெயின்ட் கொடுக்கப் போறேன்."

"கொடுங்க. ஆனா இருந்து கொடுக்கணும்ல?"

இருவருக்கும் நேற்று சண்டை போட்டது இன்றைக்கு ஞாபகம் இருக்காது. அதனால் தினமும் புதுச்சண்டை, தினமும் அதே சண்டை. அதைப் பார்ப்பதற்காகவே நான் மணி அடிப்பதை எதிர்பார்த்திருப்பேன்.

அன்றைக்கு நான் நடைபாதை வளைவில் இருக்கிற தொட்டியில் இவருடைய பல்செட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. சாப்பாட்டு வண்டி சமையலறையிலிருந்து வந்து கூடத்தைத் தாண்டியது. சரி, எக்ஸ்பிரஸ் சொல்லிக்கொள்வாள் என்று இருந்துவிட்டேன். அப்போது என் முதுகுக்குப் பின்னால் இன்னொரு கடகட சத்தம். துவைத்த துணி ஏற்றிய வண்டி. அதைத் தள்ளுகிறவன் தலைக்குமேல் துணி குவிந்திருந்தது, அவனுக்கு முன்னால் இருப்பது எதுவும் தெரியாது. என்னைத் தாண்டி வளைவில் திரும்பினான். அதே நேரத்தில் எக்ஸ்பிரஸின் குரல் கேட்டது: "சார், ஸ்டேஷன் பேசறேன். லைன் கிளியர், தெறங்க!"

அவளுக்கு என்ன தெரியும்? அவள் வண்டி போய்விட்டது. அவளுக்கு அதுதான் கணக்கு. இரட்டைத் தண்டவாளத்தைப் பற்றி நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லையே.

ஈரக் கையில் பல்செட்டைப் பிடித்துக்கொண்டு நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. இவர் கையை இறக்கிவிட்டார். டீச்சரம்மா பையோடு நடைபாதையில் கால் வைத்தார். துணிவண்டி வளைவைத் தாண்டி வந்தது. "வண்டி! வண்டி!" என்று ஒரு சத்தம் போட்டார் இவர், அந்தக் குரலை நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன், சைக்கிளோடு விழுந்த அன்றைக்கு. டீச்சரம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தார். அன்றைக்கு நான் சின்னப் பெண், முழங்காலோடு போயிற்று. டீச்சரம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைந்துவிட்டது.

அவர் வலியில் அலறினார், பிறகு மயங்கிவிட்டார். ஸ்ட்ரெச்சரில் வைத்து மேலே போர்வையைப் போர்த்திக் கொண்டுபோனார்கள். அதை இவர் பார்த்தார். தரையில் குந்தி உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "நான்தான் தெறந்தேன். நான்தான் தெறந்தேன்." யார் தூக்கியும் எழுந்திருக்கவில்லை.

எக்ஸ்பிரஸை நான் விடவில்லை. நடைபாதையிலேயே பிடித்து நிறுத்தி, அறிவிருக்கா, கண் இருக்கா என்று கேட்டேன். அவள் அழுதாள். "ஆன்ட்டி, இன்னைக்கு ரெண்டு பேர் லீவு. மாடியில எத்தனை பேருக்கு நான் ஊட்டணும் தெரியுமா? நான் நல்லதுக்குத்தானே சொன்னேன்?" கையில் சாதம் ஒட்டியிருந்தது, அதோடே கண்ணைத் துடைத்தாள். அதற்குமேல் அவளை என்ன சொல்வது? டீச்சரம்மாவின் மகன் வந்து, "உங்க வீட்டுக்காரரை எல்லாம் மனுஷங்களோட வைக்கக்கூடாது" என்று கத்தினான். அவர் காப்பாற்றத்தான் இழுத்தார் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அம்மா இடுப்பு உடைந்து கிடக்கிறாள், பிள்ளை கத்தாமல் என்ன செய்வான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மாத்திரையைக் கூட்டினார்கள். இவர் இப்போது மணி அடித்தால் எழுந்திருப்பதில்லை. யாரையும் தள்ளுவதில்லை. ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். "இப்ப ரொம்ப நல்ல பேஷன்ட் ஆயிட்டார்மா" என்று ஒரு நர்ஸ் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள்.

மறதி எல்லாவற்றையும் தின்றது. கல்யாணத்தைத் தின்றது, மகள் பெயரைத் தின்றது. டீச்சரம்மாவையும், விழுந்ததையும், அந்த நாளையும்கூடத் தின்றுவிட்டது. அந்த ஒரு உயிரை மட்டும் தொடவில்லை. யார் செத்தது, எங்கே செத்தது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. தன் கேட்டில் ஒரு உயிர் போய்விட்டது என்பது மட்டும் தெரியும். டாக்டர் உட்கார்ந்து பேசினார். "நடந்தது மறந்துடும்மா. அப்ப வந்த துக்கம் மட்டும் தங்கிடும். இந்த வியாதியில மனச்சோர்வு வேற சேர்ந்துக்கும். மாத்திரையை மாத்திப் பார்க்கலாம். அது கேட்கறதுக்கு நாள் ஆகும். அதுவரைக்கும் அவர் சாப்பிடணும், அதுதான் கவலை." இவர் கன்னம் உள்ளே போய்விட்டது. மோதிரம் விரலில் நிற்காமல் கழன்று விழுகிறது. அதை நான் என் விரலில் போட்டுக்கொண்டேன்.

ஒருநாள் காதில் கையை வைத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தேன். "ஸ்டேஷன்ல இருந்து பேசறேன். உங்க கேட்டுல யாருக்கும் ஒண்ணும் ஆகல. எல்லாரும் பத்திரமாப் போயிட்டாங்க. நீங்க சாப்பிடலாம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஸ்டேஷன்ல சொன்னதை நம்பித்தான் தெறந்தேன்" என்றார்.

என்னிடம் இருந்தது அந்த ஒரு போன்தான். அதுவும் போயிற்று.

டீச்சரம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தார், சக்கர நாற்காலியில். உயிரோடு கண் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் இவர் நம்பித்தானே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. டீச்சரம்மாவின் மகனிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். "எங்கம்மாவுக்கு அவர் யாருன்னே ஞாபகம் இல்ல ஆன்ட்டி. கூட்டிட்டுப் போங்க. ஆனா நான் பக்கத்துலயே நிப்பேன்" என்றான். அவனே தள்ளிக்கொண்டு வந்தான்.

இவருடைய நாற்காலியைத் திருப்பி டீச்சரம்மாவுக்கு எதிரே போட்டேன். "இங்க பாருங்க. யாரு வந்திருக்காங்கன்னு பாருங்க. உங்க டீச்சர். தினமும் சண்டை போடுவாங்களே! பாருங்க, நல்லா இருக்காங்க. யாரும் போகல."

அவர் பார்த்தார். ரொம்ப நேரம் டீச்சரம்மாவின் முகத்தையே பார்த்தார். கண் நிறைந்தது. தெரிந்துவிட்டது, தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் மெல்ல எழுந்தார், இரண்டு கையையும் கூப்பினார்.

"நீங்க அந்த வீட்டு ஆளுங்களா?" என்றார். "போனது உங்களுக்கு என்ன வேணும்? அக்காவா? என்னை மன்னிச்சிடுங்கம்மா. நான்தான் கேட்டைத் தெறந்தேன்."

டீச்சரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "லேட்டா வந்தியா?" என்றார். "பரவாயில்ல, அழாதே. போய் உன் இடத்துல உட்காரு."

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. எனக்கு அழக்கூட வரவில்லை. என் மனிதர் சாகாதவரிடமே அவர் செத்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறார், இனி நான் யாரைக் கொண்டுவந்து எதைக் காட்டுவது?

அப்போது மணி அடித்தது.

சமையலறைப் பக்கமிருந்து வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. கூடத்தில் இருந்தவர்கள் எழுந்தார்கள். இவரும் திரும்பினார். வெகுநாளைக்குப் பிறகு, மணிச் சத்தத்துக்கு அவர் கால் நகர்ந்தது. வாசலை நோக்கி நடந்தார். நான் பின்னாலேயே போனேன். போய் நிற்பார், கையை நீட்டுவார் என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். நீட்டட்டும், தள்ளட்டும், என் இன்னொரு கையையும் உடைக்கட்டும். பூட்டிய வார்டிலேயே போடட்டும், நானும் அங்கேயே போய்க் கிடக்கிறேன்.

அவர் வாசலில் நிற்கவில்லை. கை தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி வருகிற பக்கத்தை ஒரு தடவை நிதானமாகப் பார்த்துவிட்டு, நடைபாதைக்குள் காலைத் தூக்கி வைத்தார்.

நான் ஓடிப்போய் முன்னால் நின்று கையைக் குறுக்கே நீட்டினேன். எலும்பில் விரிசல் விழுந்த கைதான் முதலில் வந்தது. அவர் மார்பு வந்து அதில் மோதியது. ஒரு கனமும் இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். மாஸ்டர் என்று கூப்பிடவில்லை. கேட்டில் நிற்கிற யாரோ ஒரு ஆளைப் பார்க்கிற பார்வை.

"விடும்மா" என்றார். "எனக்கு நேரமாச்சு. என்னை மட்டும் விடு, நான் போயிடறேன்."

சாப்பாட்டு வண்டி எங்களுக்கு முன்னால் கடகடவென்று போனது. எக்ஸ்பிரஸ் எங்களைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள், ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டாள். வண்டி தாண்டிப் போயிற்று. பின்னால் பசியோடு நிற்கிறவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். டீச்சரம்மா, "வழி விடும்மா, பெல் அடிச்சாச்சு" என்றார்.

"வண்டிதான் போயிடுச்சே" என்றார் இவர், கெஞ்சுகிற குரலில். "இன்னும் எதுக்கும்மா நிக்கறே?"

"கொஞ்சம் நில்லுங்க" என்றேன். "நின்னா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. ஸ்டேஷன்ல இருந்து இன்னும் சொல்லலைங்க."

கை கடுத்தது. நான் அதை இறக்கவில்லை.